யுத்தகாலப் பால்யமும் குடும்பச் சலனப்படங்களும்

1941-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் மெர்வேடெப்ளேன் என்னும் சதுக்கத்தை அடுத்த வீடொன்றிலிருந்து மணமக்கள் இருவர் வெளியே வருவதை, சிறிய சினிமாக் காமிரா ஒன்றில் படம் பிடித்தார்கள். வசதியுள்ள ஐரோப்பியக் குடும்பங்களில் கலியாணத்தை இவ்வாறு படமெடுத்து வைப்பது அந்நாளில் வழக்கமாகவே இருந்தபடியால், சரித்திர ஆசிரியன் அக்கறை கொள்ளத்தக்க விசேஷம் எதுவும் அதில் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் மணமக்களைத் தொடர்ந்து சென்ற காமிரா, சில விநாடி நேரம் மேலே நிமிர்ந்து, அடுத்த வீட்டு மாடி ஜன்னலைக் காட்டுகிறது; அங்கே சாய்ந்து நின்று மணப்பெண்ணை எட்டிப் பார்க்கும் சிறுமி ஒருத்தி, தலையைத் திருப்பி வீட்டுக்குள் பார்க்கிறாள். முந்திய மாதந்தான் பன்னிரண்டு வயது நிரம்பிய அச்சிறுமியின் பெயர் ஆன் ஃபிராங்க். அடுத்த ஆண்டு ஜூலையில் குடும்பத்தோடு மறைவிடம் புகுந்து, 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்ஸன் முகாமில் மாண்ட அவளுடைய உருவம் சலனப்படத்தில் பதிந்திருப்பது, உலகம் அறிந்த மட்டில், இந்தச் சில விநாடிகளில் மாத்திரமே.

இந்தப் படத்தில் யுத்தம் இல்லை. ஜெர்மானியப் படைகள் ஹாலந்தைக் கைப்பற்றி ஓராண்டுக்கு மேலாகியிருந்தும், படத்தில் தெரிவன பூச்செண்டும் வெயிலும் வேடிக்கை பார்ப்போரும் தாம். அந்த ஜன்னலைப் பார்க்கும்போது நம் மனத்தில் எழும் கலக்கம் படத்திலிருந்து வருவதன்று. பின்னால் நடந்ததை நாம் அறிந்திருப்பதிலிருந்து வருவது. யுத்தகாலத்தில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றி வீட்டார் எடுத்துவைத்த சலனப்படங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவை முகத்தைக் காப்பாற்றித் தருகின்றனவேயன்றி அனுபவத்தைக் காப்பாற்றித் தருவதில்லை. அந்த முகத்துக்கு உரியவரோ, அவரை அறிந்தவரோ பக்கத்தில் அமர்ந்து வாய்திறந்து சொன்னாலன்றி அப்படச்சுருள் சரித்திரச் சாட்சியம் ஆவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை அமெரிக்கா, போலந்து, ஹாலந்து ஆகிய தேசங்களில் எடுக்கப்பட்ட சில படங்களைக் கொண்டும், இறுதியில் இலங்கைத் தமிழர் நிலைமையைக் கொண்டும் விசாரிக்கலாம்.

கருவியும் அதன் கட்டுப்பாடும்

சினிமாக் காமிரா வீட்டுப் பொருளானது முதல் மகாயுத்தத்துக்குப் பிறகுதான். தொழில்முறை சினிமாவுக்குப் பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றி எரியக்கூடியது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைத்துக்கொள்ளத் தகாதது. 1922-இல் பிரான்ஸ் தேசத்துப் பாதே கம்பெனி 9.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமையும், 1923-இல் அமெரிக்கக் கோடக் கம்பெனி 16 மில்லிமீட்டர் பிலிமையும், எளிதில் எரியாத அஸிடேட்டில் செய்து வெளியிட்ட பின்னரே வீட்டுச் சினிமா சாத்தியமாயிற்று. பொருளாதார மந்தம் உலகை வாட்டிய 1932-இல், செலவைக் குறைக்கும் பொருட்டு 8 மில்லிமீட்டர் பிலிம் வந்தது. 1935-இல் தோன்றிய கோடக்ரோம் என்னும் வர்ணப் பிலிம், அடுத்த ஆண்டே 8 மில்லிமீட்டர் அளவிலும் கிடைக்கலாயிற்று. ஆகவே இரண்டாம் மகாயுத்தம் மூண்டபோது, குழந்தைகளை வர்ணத்தில் படமெடுக்கத்தக்க கருவி ஓரளவு வசதியுள்ள வீடுகளில் தயாராக இருந்தது.

அக்கருவிக்கு இயல்பாக அமைந்த சில கட்டுப்பாடுகள், எது பதிவாகும், எது பதிவாகாது என்பதைப் பெரிதும் நிர்ணயித்துவிட்டன. ஒரு சுருள் ஏறக்குறைய நான்கு நிமிஷத்துக்கே போதும். சாவி முடுக்கி ஓட்டுவதாகையால் ஒரு காட்சி சில விநாடிகளுக்கு மேல் நீள்வதில்லை. குரல் பதிவு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நல்ல வெயில் வேண்டும். அக்காலத்துக் கோடக்ரோம் மிகுந்த வெளிச்சம் கேட்பது. மாலை மங்கினால் படம் விழாது. யுத்தமோ, குழந்தைகளின் அனுபவத்தைப் பொறுத்த வரையில், பெரும்பாலும் இருட்டிலும் உள்ளறைகளிலும் நிகழ்வது: இருட்டடிப்பு, பதுங்கறை, நள்ளிரவில் கதவைத் தட்டும் ஓசை, பெரியவர்கள் தணிந்த குரலில் பேசும் பேச்சு. வெயிலை நாடும் கருவியும் இருளை நாடும் அனுபவமும் ஒன்றையொன்று சந்திக்க வாய்ப்பு மிகக் குறைவு. படமெடுப்பவர் வேண்டுமென்றே துன்பத்தை ஒதுக்கினார் என்பதற்கு முன்னால், கருவியே பாதியை ஒதுக்கிவிட்டது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இன்னொரு வரம்பு பணத்தினால் வந்தது. 1923-இல் கோடக்கின் காமிராவும் திரையிடும் யந்திரமும் சேர்ந்த தொகுதியின் விலை 335 டாலர். பின்னர் விலை இறங்கியதென்றாலும், காமிரா நடுத்தர வகுப்புக்குக் கீழே இறங்கி வரவில்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைத் தாக்கியபோது மலைகளையும் காடுகளையும் கடந்து கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்த லட்சக்கணக்கானவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுடைய குழந்தைகள் கண்டதை வீட்டுக் காமிரா எதுவும் காணவில்லை. பாட்டி சொன்ன கதையாகவே அது வந்து, பாட்டியோடு பெரும்பாலும் போயும்விட்டது. குடும்பச் சலனப்படங்களை ஆராய்வோர், காமிரா வைத்திருந்தவர்களின் பால்யத்தையே யுத்தகாலப் பால்யம் முழுவதுமாகக் கருதிவிடும் அபாயம் இதனால் உண்டாகிறது.

பாலைவன முகாமில் ஒரு காமிரா

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் எண் உத்தரவின்பேரில், அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தினர் சுமார் 1,20,000 பேர் வீடுவாசல்களை விட்டு அப்புறப்படுத்தப்பட்டு, உள்நாட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிரஜைகள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. சான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்துக் குடும்பங்கள் முதலில் டான்ஃபொரான் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே குதிரை லாயங்களே பலருக்கு வசிப்பிடமாயின. அந்த ஆண்டு செப்டம்பரில் யூட்டா மாகாணத்துப் பாலைவனத்தில் டோபாஸ் முகாம் திறக்கப்பட்டதும் அவர்கள் அங்கே மாற்றப்பட்டனர். பலகையால் அடித்துத் தார்க்காகிதம் போர்த்திய நீண்ட கொட்டகைகளும், இடுக்கெல்லாம் புகும் புழுதிக் காற்றும், சுற்றிலும் முள்வேலியும் காவற்கோபுரமும் கொண்ட அம்முகாமில் ஒரு சமயத்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் சான் பிரான்ஸிஸ்கோவில் குடும்ப வியாபாரத்தை நடத்திவந்த டேவ் டாட்ஸுனோ. யுத்தத்துக்கு முன்பே சினிமாக் காமிராவில் ஈடுபாடு கொண்டிருந்த இவருக்கு முகாமில் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை கிடைத்தது. ஜப்பானிய வமிசத்தினர் காமிரா வைத்திருப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் பண்டகசாலையை மேற்பார்த்த வால்டர் ஹாண்டரிக் என்னும் வெள்ளைக்கார அதிகாரி, டாட்ஸுனோவின் ஆசையைத் தெரிந்துகொண்டு, வெளியே நண்பரிடம் இருந்த 8 மில்லிமீட்டர் காமிராவைத் தம் பெயருக்குத் தருவித்து அவரிடம் சேர்ப்பித்தார். சரக்கு வாங்க வெளியூர் செல்லும் சந்தர்ப்பங்கள் டாட்ஸுனோவுக்குப் பிலிம் கிடைக்கவும் வழிசெய்தன. இவ்வாறு 1943-க்கும் 1945-க்கும் இடையே அவர் எடுத்தவை இன்று ‘டோபாஸ்’ என்னும் பெயரால் அறியப்படுகின்றன. 1996-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. தனிமனிதர் தம் வீட்டுக் காமிராவில் எடுத்த படங்களில் அதற்கு முன்பு அப்பெருமை பெற்றது, ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதைப் பதிவு செய்த ஸப்ரூடர் படம் ஒன்றே.

அப்படத்தில் நாம் காண்பது என்ன? பனி விழுந்து வெளுத்த தரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். உறைந்த நீரின்மேல் பெரியவர்கள் சறுக்குகிறார்கள். புத்தாண்டுக்காக, வேகவைத்த அரிசியை உரலிலிட்டு மரச்சம்மட்டியால் மாறி மாறி இடித்து மோச்சிப் பலகாரம் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் மாதாகோயிலுக்குப் போகிறார்கள். புல் முளைக்காத மண்ணில் தோட்டம் போட முயல்கிறார்கள். சாம்பல் நிறக் கொட்டகைகளின் எதிரே குழந்தைகளின் மேலங்கிகள் கோடக்ரோமின் செழித்த வர்ணத்தில் பளிச்சிடுகின்றன. வரலாறு தெரியாத ஒருவர் பார்த்தால் மலைப்பிரதேசத்துக்கு உல்லாசமாகப் போன கூட்டம் என்றே எண்ணிவிடக் கூடும். முள்வேலியையும் காவற்கோபுரத்தையும் நோக்கிக் காமிராவைத் திருப்ப டாட்ஸுனோ துணியவில்லை. அகப்பட்டால் காமிரா போய்விடும் என்பதோடு, அதைக் கொண்டுவர உதவியவருக்கும் ஆபத்து. 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, ஜேம்ஸ் வகாஸா என்னும் அறுபத்து மூன்று வயது முதியவர் அந்த வேலிக்கு அருகே காவற்காரனால் சுடப்பட்டு இறந்தார். முகாமிலிருந்த சிறுவர் சிறுமியருக்கெல்லாம் அச்செய்தி எட்டியிருக்கும். டாட்ஸுனோவின் சுருளில் அதன் நிழல்கூட இல்லை.

இதே முகாமில் இதே காலத்தில் வசித்த மீனே ஓகுபோ என்னும் ஓவியரின் வேலையை இதனோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். காமிராவுக்கு அனுமதி இல்லாததால் அவர் பேனாவையும் மையையும் கொண்டு டான்ஃபொரானிலும் டோபாஸிலும் கண்டவற்றை வரைந்து, 1946-இல் ‘பிரஜை 13660’ என்னும் நூலாக வெளியிட்டார். அந்த எண் அவர் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்தது. அவருடைய சித்திரங்களில் குதிரை லாயம் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் நிற்கும் வரிசை இருக்கிறது. புழுதியில் கண்ணை மூடித் திண்டாடும் மனிதர்கள் இருக்கிறார்கள். மறைவின்றி வாழ நேர்ந்த பெண்களின் சங்கடம் இருக்கிறது. பேனா இரவிலும் எழுதும். ஒளிந்து நின்று பார்த்ததைப் பிறகு அறையில் உட்கார்ந்து வரையவும் செய்யும். காமிராவோ கண்ணெதிரே வெயிலில் சிரித்து நிற்பதைத்தான் வாங்கிக்கொள்ளும். இவ்விரண்டில் ஒன்று மெய், மற்றொன்று பொய் என்று தீர்ப்புக் கூறுவது பேதைமை. லாயத்து நாற்றமும் பனி விளையாட்டும் ஒரே குழந்தையின் ஒரே வருஷத்தில் சேர்ந்தே இருந்தன. தம்மைச் சூழ்ந்திருந்த தனிமையையும் நிராசையையும் மீறி ஒரு சமூகத்தை மறுபடி கட்டியெழுப்ப முயன்ற மனவுறுதியையே தம் படங்களில் காண வேண்டுமென்று டாட்ஸுனோ பிற்காலத்தில் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோள் இல்லாமல் அப்படங்களைப் பார்ப்பவர், அரசாங்கம் அன்று சொல்லிக்கொண்ட சௌகரியக் கதையை நம்பிவிடக் கூடும்.

சிறுவயதில் மான்ஸனார் முகாமில் அடைபட்டிருந்த ராபர்ட் நகமுரா, இத்தகைய முகாம்களில் பலர் எடுத்த குடும்பப் படங்களைத் தொகுத்து, கேரன் இஷிஸுகாவின் துணையோடு 1994-இல் ஒரு படம் ஆக்கினார். அதில் விளக்கவுரை பேசும் குரல் கிடையாது. இசையும் சிற்சில எழுத்துக்களும் மாத்திரமே. சிரிக்கும் முகங்கள் நெடுநேரம் தொடர்ந்து வரவர, சிரிப்பின் பின்னால் இருப்பதைத் தேடும் பொறுப்பு பார்ப்பவர் தலையில் வந்து விழுகிறது. இதற்கு நேர்மாறான வழியை ரேயா தாஜிரி 1991-இல் தம் ‘சரித்திரமும் ஞாபகமும்’ என்னும் படத்தில் கையாண்டார். முகாம் நாட்களைப் பற்றி அவர் தாயாருக்கு ஏறக்குறைய எதுவுமே நினைவில்லை. ஆனால் வெயில் கொளுத்தும் பாலைவனத்தில் தாயார் குழாயடியில் தண்ணீர்க் குடுவையை நிரப்பும் காட்சி ஒன்று, எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே, மகள் மனத்தில் தங்கியிருந்தது. எந்தக் காமிராவும் பிடிக்காத அக்காட்சியை மகள் தாமே நடித்துப் படமாக்கித் தாயாருக்குக் காணிக்கையாக்கினார். படம் இருந்தும் ஞாபகம் வேண்டியிருப்பது நகமுராவின் நிலை. ஞாபகம் இருந்து படம் இல்லாமற்போனது தாஜிரியின் நிலை.

ஊமைச் சாட்சியும் உரைப்போரும்

குடும்பச் சலனப்படங்களின் தத்துவத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஒடென், அவை கோவையின்றியும் அரைகுறையாகவும் இருப்பதைக் குறையாகக் கருதவில்லை. தொடக்கமும் முடிவும் அமைந்த நல்ல கதையாக ஒரு வீட்டுப்படம் அமைந்துவிட்டால், அது வீட்டார் ஒவ்வொருவரின் சொந்த ஞாபகத்தோடும் மோதும்; துண்டு துண்டாக இருந்தால்தான் இடையிலுள்ள வெற்றிடத்தைப் பாட்டியும் பேரனும் அவரவர் அறிந்ததைச் சொல்லி நிரப்ப முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். படம் ஓடுகையில் கூட்டமாக உட்கார்ந்து பேசும் பேச்சே அதன் பொருளாகிறது. அவ்வாறாயின், பேசுவோர் அனைவரும் கொல்லப்பட்ட பிறகு எஞ்சிய படத்தின் கதி என்ன என்ற கேள்வி எழுகிறது.

அதற்கு விடையாக அமைவது போலந்து தேசத்து நாஸியெல்ஸ்க் என்னும் சிற்றூரின் படச்சுருள். வார்ஸாவுக்கு வடக்கே உள்ள அவ்வூரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று செல்வந்தரான டேவிட் கர்ட்ஸ், 1938-ஆம் ஆண்டு கோடையில் மனைவியோடும் நண்பர்களோடும் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்கையில், தம் 16 மில்லிமீட்டர் காமிராவில் அவ்வூரை மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் படமெடுத்தார். காமிராவைக் கண்டு தெருவிலுள்ள பிள்ளைகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருகிறார்கள். ஒருவன் தலைக்கு மேலே இன்னொருவன் எட்டிப் பார்க்கிறான். காமிரா நகர்ந்தால் தாங்களும் ஓடிவந்து மறுபடி எதிரே நிற்கிறார்கள். அப்பொழுது அவ்வூரில் வாழ்ந்த யூதர் ஏறக்குறைய 3,000 பேர். 1939-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி அவர்கள் ஊரிலிருந்து துரத்தப்பட்டார்கள். யுத்தம் முடிந்தபோது உயிரோடிருந்தவர் நூறு பேருக்கும் குறைவு.

டேவிட் கர்ட்ஸின் பேரர் கிளென் கர்ட்ஸ் 2009-இல் ஃபிளாரிடாவில் பெற்றோர் வீட்டு அலமாரியில் இச்சுருளைக் கண்டெடுத்தபோது, பிலிம் சுருங்கி விறைத்து, யந்திரத்தில் ஓட்ட முடியாத நிலையில் இருந்தது. வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் அதைச் செப்பனிடச் செய்து இணையத்தில் வெளியிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் வேறொரு பாகத்திலிருந்த பெண்மணி ஒருவர் அதைப் பார்த்து, கூட்டத்தில் நிற்கும் பதின்மூன்று வயதுப் பையன் தம் பாட்டனார் என்று அடையாளம் கண்டார். அம்முதியவர் உயிரோடு இருந்தார். அவர் பார்த்த மாத்திரத்தில், எழுபது ஆண்டுக் காலம் பெயரின்றிக் கிடந்த முகங்களில் சிலவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வந்தது. தொப்பிகளைக் கொண்டு எவன் மதபாடசாலை மாணவன், எவன் அல்லன் என்று பிரிக்க முடிந்தது. மளிகைக் கடைப் பலகையில் மங்கலாகத் தெரிந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, கடை யாருடையது என்பதையும் கண்டறிந்தார்கள். கிளென் கர்ட்ஸ் இவ்விசாரணையை 2014-இல் நூலாக எழுதினார். 2021-இல் டச்சு நாட்டு பியாங்கா ஸ்டிக்டர், அந்த மூன்று நிமிஷப் படத்தைத் தவிர வேறு காட்சி எதுவும் சேர்க்காமல், நிறுத்தியும் திருப்பியும் பெரிதாக்கியும் காட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட படமாக விரித்தார்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. அச்சுருள் 1938 முதல் இருந்தே வந்தது. அதில் ஒரு கட்டம்கூட எழுபது ஆண்டுகளில் புதிதாகச் சேரவில்லை. அது சாட்சியமானது, ஒரு முதியவர் அதன் முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்துதான். அவருக்கும் அப்படத்தால் ஒரு லாபம் இருந்தது: தம்முடைய பால்யமும் தம்முடைய ஊரும் தாம் கற்பித்துக்கொண்டவை அல்ல என்பதற்குப் பிரத்தியட்ச ஆதாரம் கிடைத்தது. படம் ஞாபகத்துக்குச் சான்றாகிறது. ஞாபகம் படத்துக்குப் பொருளாகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதி.

சிரிப்பினால் மட்டும் தீர்ப்பாகாது

ஹங்கேரி தேசத்து பீட்டர் ஃபோர்காச் 1983-இல் புடாபெஸ்ட்டில் தனியார் படங்களுக்கென ஒரு சேமிப்பகத்தை ஏற்படுத்தி, அவற்றைக் கொண்டே பல படங்களை ஆக்கியவர். 1997-இல் அவர் செய்த ‘பெருஞ்சுழல்’ என்னும் படம் இரண்டு குடும்பங்களின் வீட்டுப்படங்களை அடுத்தடுத்து வைக்கிறது. ஒன்று மாக்ஸ் பேரபோம் என்னும் டச்சு யூதர் தம் குடும்பத்தை எடுத்தது. மற்றொன்று ஹாலந்தின் ஜெர்மானிய அதிபராக இருந்து அந்நாட்டு யூதர்களை நாடுகடத்திய ஸைஸ்-இன்க்வார்ட்டின் குடும்பத்தினுடையது. இரண்டிலும் குழந்தைகள் ஓடுகிறார்கள்; இரண்டிலும் பெரியவர்கள் அவர்களைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். படச்சுருளைப் பார்த்து இது கொல்வோர் வீடு, இது கொல்லப்படுவோர் வீடு என்று பிரிக்க வழியில்லை. ஹிட்லரின் மலைமாளிகையில் ஈவா பிரவுன் எடுத்த வர்ணப் படங்களும் இத்தகையனவே. அவற்றிலும் குழந்தைகள் உண்டு, வெயில் உண்டு, சிரிப்பு உண்டு.

பேரபோம் குடும்பத்தின் கடைசிச் சுருள் 1942-ஐச் சேர்ந்தது. வீட்டில் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஜெர்மனியில் ‘வேலை முகாமு’க்குப் புறப்படுவதற்காகத் துணிகளைத் தைத்து ஆயத்தம் செய்கிறார்கள். நாடுகடத்தப்படுவோர் தம்மோடு எவ்வெவற்றைக் கொண்டுவரலாம் என்ற அரசாங்க உத்தரவை ஃபோர்காச் அக்காட்சியோடு இணைத்துவிடுகிறார். மாக்ஸும் மனைவியும் குழந்தைகளும் ஆஷ்விட்ஸில் மாண்டனர். அவர் அச்சமயத்திலும் காமிராவை ஏன் எடுத்தார் என்று வியப்பவர் உண்டு. திரும்பி வந்து பார்க்கலாம் என்ற நம்பிக்கையில்லாதவன் வீட்டைப் படமெடுக்க மாட்டான் என்றே கொள்ளத் தோன்றுகிறது. வீட்டுப்படம் எதிர்காலத்தை நோக்கியே எடுக்கப்படுவது. குழந்தைகள் வளர்ந்தபின் பார்த்துச் சிரிப்பதற்கென்று எடுக்கப்படுவது. அந்த எதிர்காலம் வாராமற்போனதை அறிந்து பார்ப்பவனுக்கே அதன் துயரம் புலப்படும்.

ஞாபகத்தின் இடத்தில் படம்

உயிர் பிழைத்து வளர்ந்த குழந்தைகளின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நாலைந்து வயதில் நடந்ததை ஒருவர் நினைவுகூரும்போது, அவர் கண்டதை நினைக்கிறாரா, ஆண்டுதோறும் வீட்டில் ஓட்டிப் பார்த்த படத்தை நினைக்கிறாரா என்பதை அவரே அறுதியிட்டுச் சொல்ல இயலாது. காமிராவில் விழுந்த பிறந்தநாள் விழா ஆயுள் முழுதும் நிலைக்கிறது. விழாத ஆயிரம் நாட்கள் மெல்ல மறைகின்றன. பின்பிறந்த தலைமுறையோ தான் பாராத யுத்தத்தைப் பெற்றோரின் படங்கள் வழியாகவே தன் சொந்த நினைவுபோல் ஏற்றுக்கொள்கிறது என்பதை மரியான் ஹிர்ஷ் முதலிய ஆராய்ச்சியாளர் விரிவாக எழுதியிருக்கின்றனர். சிரிப்பை மட்டும் சேமித்த குடும்பத்தில் பேரக்குழந்தைகளுக்குச் சிரிப்பே யுத்தமாகத் தெரியும். இதற்குப் பரிகாரம் படத்தை மறைப்பதன்று; படம் ஓடும்போது பக்கத்திலிருந்து பேசுவது.

இந்நிலைமை தமிழருக்கு அயலானதன்று. இலங்கை உள்நாட்டு யுத்தத்தில், 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பாட்டரியும் எரிபொருளும் அரிதாகிவிட்ட ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டனர் ஜனங்கள். அந்நாட்களிலும் கலியாண வீட்டிலும் சாமத்தியச் சடங்கிலும் ஜெனரேட்டர் வைத்து வீடியோ எடுப்பித்தவர்கள் உண்டு. அதற்குக் காரணம் வெளிநாட்டிலிருக்கும் அண்ணனும் மாமாவும் பார்க்க வேண்டும் என்பதே. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அக்குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, ஆல்பங்களும் நாடாக்களும் வீட்டோடு போயின. எஞ்சியவை டொராண்டோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் உறவினர் அலமாரிகளில் கிடக்கும் பிரதிகள். அவற்றில் தெரிவன பட்டுச்சேலையும் பன்னீர்ச்செம்பும் பந்திச் சாப்பாடும் தாம். முற்றத்தில் ஓடித்திரியும் பிள்ளைகளுடைய பால்யத்தின் மறுபாதியான பங்கரும் விமானச் சத்தமும் சட்டகத்துக்கு வெளியே இருக்கின்றன. எனினும் 8 மில்லிமீட்டர் பிலிமுக்கு இல்லாத ஒன்று வீடியோவுக்கு உண்டு: அதில் குரல் இருக்கிறது. சடங்கின் பாட்டுக்கும் பேச்சுக்கும் அடியில் ஓயாமல் ஓடும் ஜெனரேட்டரின் இரைச்சல் பதிவாகியிருக்குமானால், மின்சாரமற்ற ஒரு யாழ்ப்பாணத்துக்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

காப்பதும் கேட்பதும்

பௌதிக ரீதியாக இவற்றைக் காப்பாற்றும் முறை தெரிந்ததே. அக்காலத்து வீட்டுப் பிலிம் பெரும்பாலும் நெகட்டிவ் இல்லாதது; காமிராவில் ஓடிய சுருளே கழுவப்பட்டுத் திரையில் ஓடியது. ஆகையால் உலகில் அது ஒன்றே மூலம். அஸிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் புளிக்காடி நாற்றம் எழும். குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் சிதைவு தாமதப்படும். வீடியோ நாடாவோ அதனினும் குறுகிய ஆயுள் உடையது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஓட்டிப் பார்க்க யந்திரமும் அகப்படாது. வி.எச்.எஸ். யந்திரத்தைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஏ. கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிப் பல தேசங்களில் அலைந்து தொகுத்த பணியை அறிந்த தமிழருக்கு, சிதறிய பிலிம் தானே வந்து சேராது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சு நூல்களோடு வாய்மொழி வரலாற்றையும் திரட்டி வருவது இவ்வகையில் நல்ல அஸ்திவாரம்.

ஆனால் நாஸியெல்ஸ்க் சுருள் நமக்குக் கற்பிப்பது, பிரதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பது. படத்தில் நிற்பவர் யார், படமெடுத்தவர் யார், அன்று காலையிலும் மறுநாளும் என்ன நடந்தது, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பனவற்றைக் கேட்டு, படத்தோடு பிரியாதபடி எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைப்பதுதான் பாதுகாப்பு. 1938-இல் நாஸியெல்ஸ்கில் காமிராவின் முன் முண்டியடித்த பிள்ளைகளில் எஞ்சியிருப்பவர் எவரேனும் உண்டாயின் அவர் நூறு வயதை நெருங்கியவர் அல்லது கடந்தவர். டோபாஸ் பனியில் விளையாடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். 1995-இல் பத்து வயதினராய் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களோ இப்பொழுதுதான் நாற்பதைக் கடக்கிறார்கள். கேட்பதற்கு அவர்களிடம் இன்னும் பல ஆண்டுகள் உண்டு. அந்த வீடியோவை எடுப்பித்து, ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்து, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பலவற்றை மறைத்துவைத்த பெற்றோருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஆகவே விசாரணையைத் தொடங்க வேண்டியது அவர்களிடத்தில்தான்.